ஒன்றரை மில்லிமீட்டர்

மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷனில் கட்டியை வெட்டி எடுத்த பிறகுதான் சர்ஜனுக்கு உண்மையான பரீட்சை. மேலே பெருங்குடலின் ஒரு முனை. கீழே இடுப்பெலும்புக் குழிக்குள், கை நுழையவே சிரமப்படும் ஆழத்தில், மலக்குடலின் மிச்சம். இரண்டையும் சேர்க்க வேண்டும். மேல் முனைக்குள் வட்டமான ஓர் உலோகத் தலையை வைத்துச் சுருக்குத் தையலால் கட்டுகிறார்கள். உதவியாளர் ஆசனவாய் வழியாக, வளைந்த குழல் கொண்ட ஸ்டேப்ளரை மெதுவாக உள்ளே செலுத்துகிறார். அதன் நடுவிலிருந்து ஒரு கூர்முனை வெளிவந்து குடலைத் துளைக்க, மேலிருக்கும் தலை அதில் மாட்டிக்கொள்கிறது. கைப்பிடியில் இருக்கும் குமிழைத் திருகத் திருக இரண்டு முனைகளும் நெருங்குகின்றன. சிறு சன்னலில் தெரியும் முள் பச்சைப் பட்டைக்குள் வந்து நின்றதும், சற்றுப் பொறுத்து, "ஃபயர்". இரண்டு வரிசை டைட்டானியம் பின்கள் வட்டமாக ஏறி மடங்குகின்றன. உள்ளிருக்கும் வட்டக் கத்தி நடுச்சதையை வெட்டுகிறது. பல மாடல்களில் ஒரு பிளாஸ்டிக் வளையமும் சேர்ந்து வெட்டுப்படும். அந்தக் 'கரக்' சத்தம் காதுக்குக் கேட்கும், கைக்கும் தெரியும்.

கருவியை வெளியே எடுத்து, உள்ளே மாட்டியிருக்கும் சதையை ட்ரேயில் பிரித்துப் பார்ப்பார்கள். இரண்டு வளையங்கள் இருக்க வேண்டும். இரண்டும் அறுபடாமல் முழுதாக இருக்க வேண்டும். ஒன்றில் ஓரிடம் விட்டுப்போயிருந்தால், வயிற்றுக்குள் இணைப்பிலும் ஓரிடம் விட்டுப்போயிருக்கலாம். அடுத்து, இடுப்புக் குழியில் சலைன் நிரப்பி, கீழிருந்து குடலுக்குள் காற்று ஏற்றிப் பார்ப்பார்கள். குமிழி வந்தால் இணைப்பு கசிகிறது என்று அர்த்தம்.

கையால் தைத்தால் அந்த ஆழத்தில் பெரும்பாடு படவேண்டிய வேலை இது. பல நோயாளிகளுக்கு நிரந்தரமாக வயிற்றில் மலப்பை மாட்டும் நிலை தவிர்ந்ததற்கு இந்தக் கருவியும் ஒரு காரணம். அதைச் சொல்லிவிட்டுத்தான் அதன் மறுபக்கத்துக்குப் போக வேண்டும்.

2019 மார்ச் 8. எஃப்.டி.ஏ. என்ற அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்நாட்டு மருத்துவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியது. 2011 ஜனவரி முதல் 2018 மார்ச் வரை, உடலுக்குள் பயன்படுத்தும் ஸ்டேப்ளர்கள் பற்றித் தனக்கு 41,000-க்கும் மேற்பட்ட புகார் அறிக்கைகள் வந்திருப்பதாக அதில் சொன்னது. அவற்றில் 366 மரணங்கள், 9,000-க்கும் மேற்பட்ட கடுமையான பாதிப்புகள், 32,000-க்கும் மேற்பட்ட கருவிக் கோளாறுகள். பின் வரிசை பிரிந்துவிட்டது, பின் சரியாக மடங்கவில்லை, ஃபயர் ஆகவே இல்லை, தவறான அளவு பின் போடப்பட்டது: இவைதான் அடிக்கடி வந்த புகார்கள். விளைவுகளாக ரத்தப்போக்கு, செப்சிஸ், உள்ளுறுப்புக் கிழிசல், ஃபிஸ்டுலா, மறு ஆபரேஷன், புற்றுநோய் திரும்பும் அபாயம் ஆகியவற்றைக் கடிதம் குறிப்பிட்டது.

அந்தக் கணக்கும் முழுக் கணக்கில்லை என்பது சில வாரங்களில் தெரிந்தது. அதற்குப் பிறகு வருவோம். முதலில், ஒரு பின் குடலுக்கு எப்படிக் கேடு செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

சதையின் கணக்கு

காகிதக் கட்டில் நாம் அடிக்கும் ஸ்டேப்ளர் பின் தட்டையாக மடங்கி இறுக்கிப் பிடிக்கும். குடலில் அப்படிப் பிடித்தால் சதை செத்துவிடும். அதனால் அறுவை ஸ்டேப்ளரின் பின் ஆங்கில 'B' எழுத்தைப் போல மடங்குகிறது. அந்த எழுத்தின் இரண்டு வளைவுகளுக்குள்ளும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். நுண்ணிய ரத்தக் குழாய்கள் அந்த இடைவெளி வழியாக வெட்டு விளிம்பு வரை ரத்தம் கொண்டுபோகும். விளிம்புக்கு ரத்தம் போனால்தான் இணைப்பு ஆறும். இறுக்கிப் பிடிக்கவும் வேண்டும், ரத்தத்தை விடவும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடம் மிகக் குறுகல்.

எவ்வளவு குறுகல் என்பதை, பின்களை நிரப்பி வரும் கார்ட்ரிஜ்களின் நிறங்கள் சொல்லும். புழக்கத்தில் இருக்கும் நேர்கோட்டு ஸ்டேப்ளர்களில், நீல கார்ட்ரிஜின் பின் கால் ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர் உயரம். மடங்கிய பிறகு ஒன்றரை மில்லிமீட்டர். மெல்லிய சதைக்கும் ரத்தக் குழாய்க்கும் வெள்ளை: மடங்கினால் 1 மில்லிமீட்டர். தடித்த சதைக்குப் பச்சை: 2 மில்லிமீட்டர். வெள்ளைக்கும் பச்சைக்கும் வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான். ஆபரேஷன் நடுவே "ப்ளூ லோட் கொடுங்க" என்று சர்ஜன் கேட்கும்போது, உள்ளேயிருக்கும் குடல் சுவர் ஒன்றரை மில்லிமீட்டருக்கு அமுங்கும் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அளவுகோல் வைத்து அளந்த முடிவில்லை. விரலிலும் இடுக்கியிலும் தட்டுப்பட்டதை வைத்து, பழக்கத்தில் எடுத்த முடிவு. சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி என்றால் விரலும் உள்ளே இல்லை.

சுவர் தடிமனாக இருக்கும் இடத்தில் குட்டையான பின்னைப் போட்டால், கால்கள் மறுபக்கம் போய் முழுதாக மடங்காது. மடங்கினாலும் சதை நசுங்கி ரத்த ஓட்டம் நின்று, நாலைந்து நாளில் அந்த விளிம்பு அழுகும். சுவர் மெல்லியதாக இருக்கும் இடத்தில் உயரமான பின்னைப் போட்டால், பிடிப்பு தளர்ந்து ரத்தம் கசியும். குடலில் இருப்பதும் கசியலாம். முதல் வகைத் தவறு அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாமல் போகக்கூடும் என்பதுதான் அதன் கொடுமை. காற்றுச் சோதனையில் இணைப்பு பாஸாகிவிடும். குடலுக்கு வலிமை தருவது நடுவில் இருக்கும் சளிப்படல அடிச்சவ்வு. வில்லியம் ஹால்ஸ்டெட் 1887-லேயே இதைக் காட்டிவிட்டார். பின்கள் அந்தச் சவ்வைப் பிடித்திருக்கின்றனவா என்பதை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது.

குடல் சுவர் ரப்பர் மாதிரி ஒரே சீரான பொருளும் அல்ல. அதற்குள் நீர் இருக்கிறது. இடுக்கியால் அழுத்தினால் நீர் மெதுவாக விலகும், சுவர் மெலியும். மூடிய உடனே ஃபயர் செய்யாமல் பத்துப் பதினைந்து விநாடி காத்திருங்கள் என்று மூத்த சர்ஜன்கள் பி.ஜி. மாணவர்களுக்குச் சொல்வது இதனால்தான். அவசரப்பட்டு அழுத்தினால் வெளிப்படலம் கிழிகிறது. குடலடைப்போடும், விபத்தில் வயிற்றில் அடிபட்டும், வயிற்றுக்குள் சீழ் கட்டியும் வருகிறவர்களின் குடல் நீர் கோத்து வீங்கியிருக்கும். இன்றைக்கு வீங்கியிருக்கும் சுவர், நான்கு நாள் கழித்து வீக்கம் வடிந்ததும் மெலிந்துவிடும். பின் மடங்கிய உயரம் மாறாது. வீங்கிய, ரத்தம் கசியும், செத்துப்போன சதையில் ஸ்டேப்ளரை விட்டு வேறு வழி யோசியுங்கள் என்று எஃப்.டி.ஏ. கடிதமும் சொன்னது. அங்கே ஊசியும் நூலும் பிடித்த கை, ஒவ்வொரு தையலுக்கும் இறுக்கத்தை மாற்றிக்கொள்ளும்.

ஒரே இடத்தில் பல முறை ஃபயர் செய்வது இன்னொரு வம்பு. குறுகிய இடுப்புக் குழிக்குள் ஸ்டேப்ளரைச் சாய்த்துப் பிடிக்க இடமில்லாததால், மலக்குடலை ஒரே வீச்சில் வெட்ட முடியாமல் இரண்டு மூன்று கார்ட்ரிஜ் செலவாகும். ஒரு பின் வரிசைமேல் இன்னொரு பின் வரிசை ஏறும் முனைகளில் கசிவு வாய்ப்பு கூடுகிறது. மூன்று அல்லது அதற்கு மேல் ஃபயர் செய்தவர்களுக்குக் கசிவு அதிகம் என்று ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. ஏற்கெனவே போட்ட கிளிப் ஒன்று இடையில் சிக்கினால் கத்தி நின்றுவிடும், பின்கள் கோணும்.

வட்ட ஸ்டேப்ளரை வெளியே எடுப்பதிலும் சதை கிழியும். குறைவாகத் திறந்து இழுத்தால் புதிதாகப் போட்ட இணைப்பே பிய்ந்து வரும். குடலின் அகலத்துக்கு மீறிய அளவைத் திணித்தால் சுவர் நீளவாக்கில் விரிசல் விடும். பெண்களுக்கு முன்பக்கம் பிறப்புறுப்பின் பின்சுவர் இடுக்கில் மாட்டிக்கொண்டு, பின்னர் மலம் அந்த வழியாக வரும் அவலமும் உண்டு. ஃபயர் செய்வதற்கு முன் விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்துக்கொண்டால் இதைத் தவிர்த்துவிடலாம்.

மூன்றரை கிலோவில் தொடங்கியது

1908-இல் புடாபெஸ்டில் ஹூமெர் ஹூல்ட்ல் என்ற சர்ஜனும் விக்டர் ஃபிஷர் என்ற கருவி வடிவமைப்பாளரும் உருவாக்கிய முதல் ஸ்டேப்ளர் சுமார் மூன்றரை கிலோ எடை. ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் அதைப் பூட்டித் தயார் செய்ய இரண்டு மணி நேரம். ஆனாலும் நான்கு வரிசைப் பின், 'B' வடிவ மடிப்பு என்று இன்றைய கருவியின் அடிப்படை அதிலேயே இருந்தது. இன்னொரு ஹங்கேரியரான அலாதார் பெட்ஸ் எடையைக் குறைத்தார். 1951-இல் மாஸ்கோவில் அறுவைக் கருவிகளுக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, சோவியத் பொறியாளர்கள் விதவிதமான ஸ்டேப்ளர்களைச் செய்து குவித்தார்கள். 1958-இல் சோவியத் ஒன்றியத்துக்குப் போன அமெரிக்க சர்ஜன் மார்க் ராவிட்ச், கீவ் நகரில் ஒன்று வேலை செய்வதைப் பார்த்து அசந்துபோய், ஒன்றை வாங்கிக்கொண்டே ஊர் திரும்பினார். சோவியத் கருவியில் பின்களை ஒவ்வொன்றாகக் கையால் கோக்க வேண்டும். லியான் ஹிர்ஷ் என்ற வியாபாரி அதை மாற்றி, பின் நிரப்பிய கார்ட்ரிஜ் போட்டால் போதும் என்று ஆக்கி, 1960-களில் அமெரிக்கச் சந்தையைப் பிடித்தார். இன்று நம் ஊர் தியேட்டர்களில் நர்ஸ் உறையைப் பிரித்து நீட்டும் கருவி அந்தப் பரம்பரைதான்.

பூட்டி வைத்த புகார்கள்

அமெரிக்காவில் ஸ்டேப்ளர் எந்தப் பட்டியலில் இருந்தது என்பதுதான் இந்தக் கதையில் என்னை அதிகம் திகைக்க வைத்த விஷயம். ஆபத்தின் அளவை வைத்து மருத்துவக் கருவிகளை எஃப்.டி.ஏ. மூன்று வகுப்பாகப் பிரிக்கிறது. டாக்டர் நாக்கை அழுத்திப் பார்க்கும் மரக்குச்சி இருக்கும் முதல் வகுப்பில், கையால் இயக்கும் சாதாரண அறுவைக் கருவி என்ற கணக்கில், ஸ்டேப்ளரும் இருந்தது. சந்தைக்கு வருமுன் சோதனை முடிவுகளைக் காட்டி அனுமதி வாங்க வேண்டியதில்லை. உடலில் தங்குவதால் பின் மட்டும் இரண்டாம் வகுப்பு. அந்தப் பின்னை மடக்கும் இயந்திரம் முதல் வகுப்பு.

புகார்கள் விஷயம் இதைவிட மோசம். கருவியால் மரணமோ காயமோ நேர்ந்தால் கம்பெனிகள் எஃப்.டி.ஏ.வுக்கு அறிக்கை தர வேண்டும். அது யாரும் தேடிப் பார்க்கக்கூடிய இணையத் தொகுப்பில் ஏறும். ஆனால் 'ஏற்கெனவே தெரிந்த பிரச்சினை' என்று கருதப்பட்ட சில கருவிகளுக்கு விலக்கு இருந்தது. கம்பெனிகள் கோளாறுகளை மொத்தமாகத் தொகுத்து அனுப்பினால் போதும். பொதுத் தொகுப்பில் அவை வராது. 2019 மார்ச்சில் கைசர் ஹெல்த் நியூஸ் செய்தி நிறுவனம் இதை வெளியே கொண்டுவந்தது. 2016 முதல் மட்டும் பல கருவிகள் குறித்த 11 லட்சம் நிகழ்வுகள் இந்த வழியில் போயிருந்தன. 2016-ஆம் ஆண்டில் ஸ்டேப்ளர் பாதிப்பு பற்றிப் பொதுத் தொகுப்பில் இருந்தவை நூறுக்கும் குறைவு. மறைவான தொகுப்பில் இருந்த ஸ்டேப்ளர் கோளாறுகள் ஏறத்தாழ பத்தாயிரம்.

இதற்கு நடுவில் சர்ஜன்கள் என்ன நினைத்திருப்பார்கள்? 2013-இலேயே அமெரிக்க லேப்ராஸ்கோப்பி சர்ஜன்களிடம் ஒரு சர்வே நடந்தது. பதில் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர், ஸ்டேப்ளர் கோளாறு தங்களுக்கோ தெரிந்த சக சர்ஜனுக்கோ நேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். பொதுத் தொகுப்பைத் திறந்து பார்த்த எவருக்கும் அந்த அளவு கண்ணில் பட்டிருக்காது. தன் நோயாளியின் இணைப்பு பிரிந்தபோது, கருவியில் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகப்பட்ட டாக்டர் தேடினால், கிட்டத்தட்ட யாருக்கும் நடக்காத ஒன்று தனக்கு நடந்திருப்பதாகத்தான் தெரியும். பழியைத் தன் கைமேலேயே போட்டுக்கொண்டு அடுத்த கேஸுக்குப் போயிருப்பார். கம்பெனிகளும் பெரும்பாலும் பயன்படுத்துவோர் தவறு என்றே வாதிட்டன. அதில் பாதி உண்மை இருக்கிறது. சதைக்குப் பொருந்தாத பின்னைத் தேர்ந்தெடுப்பது கையின் தவறுதான். ஆனால் எந்த மாடல், எந்தச் சதையில், எப்படித் தவறுகிறது என்பதைப் பத்தாயிரம் பேரின் அனுபவத்திலிருந்து கற்றுக்கொள்ளும் வழியை மூடிவிட்டு, தனித்தனி ஆளைக் குற்றம் சொல்வது அநியாயம்.

2019 மே மாத நிபுணர் குழுக் கூட்டத்துக்கு எஃப்.டி.ஏ. வைத்த கணக்கில், மறைவான அறிக்கைகளும் சேர, நிகழ்வுகள் ஏறத்தாழ 1,10,000 ஆகின, மரணங்கள் 412. அந்த ஜூன் மாதமே அந்த மறைவு ஏற்பாடு முடிவுக்கு வந்தது. 1999 முதல் சேர்ந்திருந்த, எல்லாக் கருவிகளுக்குமான 57 லட்சம் பதிவுகள் வெளியிடப்பட்டன. 2021 அக்டோபரில் உள்ளுறுப்பு ஸ்டேப்ளர்கள் இரண்டாம் வகுப்புக்கு மாற்றப்பட்டன. எந்தத் தடிமன் சதைக்குப் பொருந்தும், எங்கே கூடாது என்பதை லேபிளில் சொல்ல வேண்டும். செயல்திறன் சோதனை காட்ட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இந்த எண்களை வைத்து 'இத்தனை பேரை ஸ்டேப்ளர் கொன்றது' என்று எழுதிவிடக் கூடாது. அறிக்கை என்பது புகார், தீர்ப்பு இல்லை. இணைப்பு கசிவதற்கு நோயாளியின் சர்க்கரை, புகைப்பழக்கம், கதிர்வீச்சு சிகிச்சை, குடலின் ரத்த ஓட்டம் என்று நூறு காரணம். உலகம் முழுக்க ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் இந்தக் கருவி ஃபயர் ஆகிறது.

கருவியிலேயே பிழை இருந்த சந்தர்ப்பங்களும் உண்டு. 2019 ஏப்ரலில் எத்திகான் நிறுவனம் தன் வட்ட ஸ்டேப்ளர்களில் ஓராண்டு உற்பத்தியைத் திரும்பப் பெற்றது, 90,000-க்கும் மேல். ஃபயர் முழுமையாகாமல், பின்கள் சரியாக மடங்காமல், முதலில் சொன்ன அந்தப் பிளாஸ்டிக் வளையம் வெட்டுப்படாமல் வந்ததுதான் துப்பு. எஃப்.டி.ஏ. அதை மிகக் கடுமையான வகைத் திரும்பப் பெறுதல் என்று அறிவித்தது.

கையா, கருவியா

சிறுகுடலையும் பெருங்குடலையும் இணைக்கும் வலப்பக்க ஆபரேஷனில், 1,125 நோயாளிகள் இருந்த ஆய்வுகளைத் தொகுத்த 2011 காக்ரேன் அறிக்கை ஸ்டேப்ளர் பக்கம் சாய்ந்தது: கசிவு 2.5 சதவீதம், கைத்தையலில் 6 சதவீதம். 2015-இல் ஐரோப்பியப் பெருங்குடல் சிகிச்சை மருத்துவர் சங்கம் 3,208 நோயாளிகளை வைத்து எடுத்த தணிக்கையில் நேர் எதிராக, ஸ்டேப்ளரில்தான் கசிவு அதிகம். ஆய்வுச் சூழலில் தேர்ந்த கைகள் செய்வதும், ஊரெங்கும் தினப்படி நடப்பதும் வேறு வேறு என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். கீழே மலக்குடல் இணைப்புகளில் கசிவில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஸ்டேப்ளர் இணைப்பு பின்னால் சுருங்கி அடைப்பது கூடுதல்.

மூலத்துக்கு ஸ்டேப்ளர் என்று போர்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இத்தாலியர் அந்தோனியோ லோங்கோ 1990-களில் பரப்பிய முறை அது. பிரிட்டனில் 777 பேரை வைத்து நடந்து 2016-இல் வெளிவந்த ஆய்வில், ஆரம்ப வலி குறைவு என்றாலும், இரண்டு ஆண்டுக் கணக்கில் பழைய வெட்டுமுறைதான் வாழ்க்கைத் தரத்தில் முந்தியது. மூலம் திரும்ப வருவதும் ஸ்டேப்ளரில் அதிகம். 'வலியில்லா சிகிச்சை' விளம்பரத்தில் அந்த இரண்டாம் பாதியைப் போடமாட்டார்கள்.

நம் தியேட்டர்களில்

இதே கம்பெனிகளின் கருவிகளும், விலை குறைந்த இந்திய, சீனத் தயாரிப்புகளும் இங்கே புழங்குகின்றன. ஒரு கார்ட்ரிஜ் சில ஆயிரம் ரூபாய். அதனாலேயே, 'ஒருமுறை மட்டும்' என்று உறையில் அச்சிட்ட கருவியை ஸ்டெரிலைஸ் செய்து அடுத்த நோயாளிக்கும் எடுக்கும் பழக்கம் இருப்பது மருத்துவ வட்டாரத்தில் ரகசியமே இல்லை. ஒரே நோயாளிக்கு இத்தனை ஃபயர் என்று வரம்பு வைத்துச் செய்த கைப்பிடி அது. அதைத் தாண்டினால் தாடைகள் நேராகப் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பின் கோணுவதற்குச் சிறு விலகல் போதும்.

சட்டம் மெல்ல வந்திருக்கிறது. மருத்துவக் கருவி விதிகள் 2017-இல் வந்தன. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டன. கருவிகளால் ஏற்படும் பாதிப்பைப் பதிவு செய்ய 2015 ஜூலையில் தொடங்கிய தேசியத் திட்டம் காசியாபாத்திலுள்ள இந்திய மருந்துத்தொகுப்பு ஆணையத்தில் இயங்குகிறது. டாக்டர், நர்ஸ், பயோமெடிக்கல் இன்ஜினியர் யார் வேண்டுமானாலும் படிவம் அனுப்பலாம். தியேட்டரில் பின் மடங்காமல் போனால் நம் ஊரில் நடப்பது வேறு. சர்ஜன் திட்டிக்கொண்டே கையால் தைத்து முடிப்பார். கருவி குப்பைக்குப் போகும். கம்பெனி ரெப் மறுநாள் புதுசு கொண்டுவந்து தருவார். படிவம் எங்கே இருக்கிறது என்று பலருக்கும் தெரியாது. கெட்டுப்போன அந்தக் கருவியை உறையோடு எடுத்து வைத்தால்தான் பிறகு யாரும் சோதிக்க முடியும்.

நோயாளி வீட்டார் இரண்டு விஷயத்தில் கண் வைக்கலாம். கசிவு பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் தலைகாட்டும். காய்ச்சலுக்கு முன்பே நாடித்துடிப்பு ஏறலாம். வயிறு உப்பும், வலி குறையாமல் கூடும், ஆள் குழம்பிப் பேசுவார். 'வாயுத் தொல்லைதான்' என்று யாராவது சொன்னாலும், ட்யூட்டி டாக்டரோடு விட்டுவிடாமல் சர்ஜனிடமே சொல்லி, சி.டி. ஸ்கேன் தேவையா என்று கேட்க வேண்டும். ஆரம்பத்தில் பிடித்தால் ஒரு குழாய் வைத்தோ, தற்காலிகமாக மலப்பை மாட்டியோ காப்பாற்றிவிட முடியும். ஒரு நாள் தாமதம் செப்சிஸில் கொண்டுபோய் விடும்.

இன்னொன்று, காகித வேலை. டைட்டானியம் பின்கள் உடலிலேயே தங்கிவிடும். எம்.ஆர்.ஐ. எடுக்கத் தடையில்லை. ஆனால் ஒரு லாட்டில் கோளாறு என்று கம்பெனி என்றைக்காவது திரும்பப் பெற்றால், யார் வயிற்றில் அது போனது என்பதை லாட் எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். கருவியின் உறையில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைப் பிரித்து கேஸ் ஷீட்டில் ஒட்டுவது ஒரு நிமிட வேலை. டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்ததும் அதில் ஸ்டேப்ளரின் பெயரும் லாட் எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.